காசுமாலையைப் போட்டது யாரு?

அந்தக் கருவிக்கு அரசாங்கம் வைத்த பெயர் 'அணிந்தோர் பகுப்பாய்வி'. ஊர் அதை 'போட்டது யாரு மெஷின்' என்று கூப்பிட்டது. அரசாங்கத்தின் பெயர் கோப்புகளில் தூங்க, ஊர் வைத்த பெயர்தான் நிலைத்தது.

அது வந்ததிலிருந்து நாட்டில் நிம்மதியாக இருந்தவர்கள் நகையே இல்லாதவர்கள் மட்டும்தான். ஒரு சங்கிலியை அதன் வாயில் வைத்தால் போதும். இதை எத்தனை பேர் போட்டார்கள், ஆணா பெண்ணா, ஏறக்குறைய எந்தக் காலம், அவர்களுக்குள் என்ன உறவு என்று புட்டுப் புட்டு வைத்துவிடும். பெயரை மட்டும் சொல்லாது. பெயரையும் சொல்லியிருந்தால் ஊரில் கொலையே விழுந்திருக்கும். 'புத்தம் புதுசு' என்று மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தாலிச் சங்கிலி ஏற்கெனவே இரண்டு கழுத்துகளைப் பார்த்தது என்று தெரிந்து, பந்தியில் சாம்பார் ஊற்றும்போதே ஒரு கல்யாணம் நின்றது. இன்னோர் ஊரில் அம்மனின் அட்டிகையை அம்மனைத் தவிர மற்ற எல்லாரும் போட்டுப் பார்த்திருப்பது தெரியவந்து, தர்மகர்த்தா குடும்பத்தோடு காசிக்குக் கிளம்பிவிட்டார்.

நகைக்கடைக்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம். தங்கத்தை உருக்கிவிட்டால் அதன் ஞாபகம் போய்விடும் அல்லவா? சம்பந்தி வீடுகளில் இப்போது எத்தனை பவுன் என்று கேட்பதற்கு முன்னால், உருக்கியதா என்றுதான் கேட்கிறார்கள். 'எங்கள் தங்கத்துக்கு ஞாபகமே கிடையாது' என்று பைபாஸ் சாலை முழுக்கப் பலகைகள். வீட்டு வாசலுக்கே வந்து உருக்கிக் கொடுக்கும் வண்டிகள்கூட வந்துவிட்டன.

ஆலங்குறிச்சி அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் செண்பகவடிவு இந்தக் கூத்தையெல்லாம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தவள்தான். அருங்காட்சியகங்களில் இருக்கும் நகைகளை, அவற்றைப் போட்டிருந்தவர்களின் ரத்த வாரிசுகள் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் வந்தபோது அவளுடைய சிரிப்பு நின்றது. அங்கே இருந்த உருப்படியான நகை ஒன்றே ஒன்று. ஆலங்குறிச்சிக் காசுமாலை. மற்றதெல்லாம் பானை ஓடும், பாதி மூக்கு போன சிலைகளும், செல்லாக்காசு நிறைந்த இரண்டு கண்ணாடிப் பெட்டிகளும்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் ஏறி வருவது மாலைக்காக. பானை ஓட்டைப் பார்க்க எந்தப் பிள்ளை வரும்?

கேட்டு வந்தவர் சேதுரங்க பூபதி. ஜமீன் ஒழிந்து எத்தனையோ காலம் ஆகியும் ஊர் அவரை 'ராஜா' என்றுதான் கூப்பிட்டது. அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். அவர் முழுவதையும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டார். இன்றைய தேதிக்கு அவர் ஆண்டுகொண்டிருந்தது தென்காசிச் சாலையில் மின்வண்டிகளுக்குச் சார்ஜ் போடும் ஒரு நிலையத்தை. அதன் கூரை மேல் சிமெண்டில் இரண்டு யானைகளும் ஒரு கிரீடமும் உண்டு.

"மகளுக்குத் தையில கல்யாணம் மேடம்," என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். "மாப்பிள்ளை வீட்ல உருக்குன தங்கம்தான் வேணுங்காவ. மாலைய வாங்குன கையோட உருக்கி ஆரமாப் பண்ணிரலாம்னு இருக்கேன்."

"உருக்கவா?" என்றாள் செண்பகவடிவு. "சார், அதுல உள்ள ஒவ்வொரு காசும் ஒவ்வொரு காலத்து வராகன். ஒண்ணு மாதிரி ஒண்ணு கிடையாது."

"அதான் நானும் சொல்லுதேன். ஒண்ணுக்கொண்ணு சேராம அசிங்கமா இருக்கு பாருங்க."

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பிரார்த்தனை. மெஷின் 'சம்பந்தமில்லை' என்று சொல்ல வேண்டும். கடவுள் நம்பிக்கை அவ்வளவாக இல்லாதவள், மெஷினிடமே வேண்டிக்கொண்டாள்.

சோதனை நாளன்று ராஜா பட்டு வேட்டியும் ஜரிகை அங்கவஸ்திரமுமாக வந்து இறங்கினார். பின்னாலேயே உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரர்கள். அவர்களுக்கும் பின்னால் நகைக்கடையின் உருக்கு வண்டி வந்து, அருங்காட்சியக வாசல் வேப்பமரத்தடியில் நிழல் பார்த்து நின்றது. உள்ளே உலை சூடாகிக்கொண்டிருந்த 'ம்' என்ற சத்தம் செண்பகவடிவின் மேசை வரை கேட்டது.

ராஜாவின் காரிலிருந்து இன்னொருவரும் இறங்கினார். அவரைப் பெற்றவர், மாணிக்க நாச்சியார். தொண்ணூறை நெருங்கும் உடம்பு. கைத்தடி ஒரு கையில், வாய் அதைவிடக் கூர்மை.

"பெரிய ராணி, இப்படி உக்காருங்க," என்று செண்பகவடிவு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"என்னத்த ராணி! ஆச்சின்னே கூப்பிடு தாயி. ராணின்னு கூப்பிட்டா எனக்கே யாரையோ கூப்பிடுதாவன்னு தோணுது." ஆச்சி கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். "எங்க வீட்டு மாலைய நான் கிட்டத்துல பாக்கதே இன்னைக்குத்தான். எங்க அத்தை என் கழுத்துல போட்டதே இல்ல. போடவா, கண்ணுலயே காட்டல. அப்புறம் பாத்தா ஒரு நாள், தர்மப் பிரபு மாதிரி இங்க தூக்கிக் கொடுத்துட்டாவ."

பெட்டிக்கு மேலே சுவரில் பளிங்குப் பலகை ஒன்று அந்தக் கொடையை அலங்காரமாகச் சொன்னது. ஏழு தலைமுறையாக ஆலங்குறிச்சி ராணியர் மாமியார் கையால் மருமகள் கழுத்தில் சூட்டிய மாலை, பெருந்தன்மையோடு மக்களுக்கு வழங்கப்பட்டது என்று.

மெஷினோடு வந்த விஞ்ஞானி ஜெபசிங், நாசரேத்துக்காரன். முப்பது வயதிருக்கும். ஊர் ஊராக நகைகளின் அந்தரங்கத்தை அவிழ்த்து, அதனாலேயே பல ஊர்களில் கல்லடி வாங்கி, யாரிடமும் பணிவாகப் பேசப் பழகியிருந்தான்.

"இது எப்படிடா பேராண்டி கண்டுபிடிக்கும்?" என்றாள் ஆச்சி.

"வடைச்சட்டி அடியில எண்ணெய்ப் பிசுக்கு பிடிக்கும்லா ஆச்சி? அது மாதிரித்தான். நகையப் பத்தவச்ச இடத்துலயும் கொக்கி இடுக்குலயும் போட்டவுகளோட வேர்வை, தோலுத் துணுக்கு எல்லாம் படலம் படலமாத் தங்கிரும். புளியப் போட்டுத் தேச்சாலும் போவாது. மெஷின் ஒவ்வொரு படலமாப் பிரிச்சுப் படிக்கும்."

"உருக்கினா?"

"உருக்கினா எல்லாம் எரிஞ்சு போவும். ஒண்ணும் தெரியாது."

"அப்பம் சரி," என்றார் ராஜா. வாரிசுச் சோதனைக்காகக் குச்சியில் எச்சிலைத் தொட்டுக் கொடுக்கும்போதும் அவர் வாளை உருவிக் கொடுப்பவர் போலத்தான் நின்றார்.

கதவைச் சாத்திவிட்டு நாலு பேர் மட்டும் உள்ளே இருந்தார்கள். மெஷின் மாலையை விழுங்கிச் சற்று நேரம் முனகியது. ஜெபசிங் திரையைப் பார்த்தான். பிறகு தொண்டையைக் கனைத்தான்.

"மேல் படலத்துல ஒரு பெண். இப்ப, சமீபத்துல. கொஞ்ச நேரம்தான் போட்டிருக்காவ. நடுத்தர வயசு."

ராஜா நிமிர்ந்தார். "சமீபத்துலயா? பூட்டுன பெட்டிக்குள்ள இருந்ததப் போட்டது யாரு?"

செண்பகவடிவு சுவரில் இருந்த பல்லியைக் கவனமாகப் பார்த்தாள். காது இரண்டும் சிவந்துவிட்டன.

ஆச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "விடுலே. சாவி கையில இருந்தும் ஒருக்கக்கூடப் போட்டுப் பாக்கலன்னாத்தான் இவள சந்தேகப்படணும். நல்லா இருந்துச்சா தாயி?"

"கனம் ஆச்சி," என்றாள் செண்பகவடிவு முணுமுணுப்பாக.

"கீழப் படலத்துக்குப் போவோம்," என்று ஜெபசிங் அவளைக் காப்பாற்றினான். "அதுக்கு முந்தி ரொம்ப காலம் யாருமே போடல. அதுக்கும் முன்னால போட்டவுக ஒரு பெண். அவுகளுக்கும் சாருக்கும் ரத்த உறவு இருக்கு. சாரோட அப்பாவப் பெத்த அம்மா."

ராஜா கையைத் தட்டியே விட்டார். "பாத்தியளா! சிவகாமி நாச்சியார்! எங்க பாட்டி ராணி!" உடனே போனை எடுத்து, வாசலில் நின்ற வண்டிக்காரனிடம் உலையை அணைத்துவிடாதே என்றார்.

செண்பகவடிவு காலியாகக் கிடந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். முடிந்துவிட்டது. வேப்பமரத்தடியில் இன்னும் அரைமணி நேரத்தில் அத்தனை வராகன்களும் குழம்பாகிவிடும். பேருக்காவது ஒருமுறை முழு முடிவையும் பார்ப்போம் என்று திரையின் பக்கம் போய் நின்றாள்.

பார்த்தவள் நகரவே இல்லை.

கடைசியாகப் போட்டவளுக்கு முன்னால் போட்டது அவளைப் பெற்ற தாய். அதற்கு முன்னால் அந்தத் தாயின் தாய். அதற்கும் முன்னால் அவளுடைய தாய். மாமியாரும் மருமகளும் இல்லை. வரிசையாக அம்மாவும் மகளும். இன்னொன்றும் இருந்தது. நடுக் காசுகளை எல்லாருமே போட்டிருந்தார்கள். ஓரத்துக்கு வர வர, போட்டவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கொக்கிப் பக்கத்துக் காசுகள் கடைசிக்காரியின் தோலை மட்டுமே கண்டவை. ஒவ்வொருத்தியும் தன் காலத்தில் தான் சம்பாதித்த காசைச் சேர்த்துச் சேர்த்து மாலையை வளர்த்திருக்கிறாள்.

எந்த ஜமீனில் ராணி சம்பாதித்தாள்? அந்தக் காலத்தில் தன் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் சபையில் பொற்காசு வாங்கி, அதை மகளுக்கே விட்டுப்போன பெண்கள் ஒரே ஒரு வகைதான். ஆலங்குறிச்சியில் அவர்கள் இருந்தது கீழ ரத வீதியில், கோயிலுக்குப் பின்புறம்.

செண்பகவடிவு திரும்பி ராஜாவைப் பார்த்தாள். சொல்லலாமா? சட்டப்படி அவள் தர வேண்டியது 'ரத்த வாரிசு, ஆம்' என்ற ஒரே ஒரு வரி. மீதியைச் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சொன்னால் ராஜா வெட்கப்பட்டுக்கொண்டு மாலையே வேண்டாம் என்று ஓடிவிடக் கூடும். வாசலில் தொலைக்காட்சி வேறு நிற்கிறது. இதை நினைத்ததும் அவளுக்குத் தன் மேலேயே ஒரு கசப்பு வந்தது. நாலு பானை ஓட்டுக்குத் துணையாக ஒரு மாலையை வைத்துக்கொள்வதற்காக, தொண்ணூறு வயதுக் கிழவியின் எதிரில் அவள் குடும்பத்தைப் பிரித்துப் போடுவதா? அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஜெபசிங்குக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை. அவனுக்கு விடை சரியாக வரவேண்டும். "மேடம், இந்தப் பலகையில மாமியார், மருமகள்னு போட்டிருக்கு. இங்க எல்லாம் தாயும் மகளுமா வருதே?"

"சீதனமா வந்திருக்கும்," என்றார் ராஜா அசராமல். "பாட்டி அவுக அம்மா வீட்லேருந்து கொண்டாந்திருப்பாவ. பலகையத் திருத்தி எழுதிக்கிடுங்க."

ஆச்சி கையிலிருந்த கல் வளையலை மெல்ல உருட்டி, எலும்பைத் தாண்டிக் கழற்றினாள்.

"இது எங்க அத்தை சிவகாமி நாச்சியார் போட்டிருந்தது. நான் வீட்டுக்குள்ள கால வச்ச அன்னைக்கு அவுக கையிலேருந்து கழத்தி என் கையில போட்டாவ. ரெண்டே ரெண்டு கைதான் இது பாத்தது. இதையும் உள்ள போடு பேராண்டி."

"எதுக்கும்மா இப்ப அது?" என்றார் ராஜா.

"போடுன்னேன்."

மெஷின் வளையலை வாங்கிக்கொண்டது. ஜெபசிங் திரையைப் பார்த்தான், செண்பகவடிவைப் பார்த்தான், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தான்.

"ரெண்டு பேரு ஆச்சி. ஒண்ணு நீங்க, சாரோட அம்மா. உங்களுக்கு முன்னால போட்டவுகளுக்கும் சாருக்கும்..." அவன் நிறுத்தினான்.

"சொல்லு."

"ரத்த சம்பந்தம் இல்ல ஆச்சி."

ராஜாவின் அங்கவஸ்திரம் ஒரு தோளிலிருந்து நழுவியது. அவர் அதை எடுத்துப் போடவில்லை.

"மெஷின் ரிப்பேரா?" என்றார்.

"இல்ல சார்."

"அப்பம் எங்க பாட்டி..." அவர் செண்பகவடிவின் பக்கம் திரும்பினார். "மேடம், உங்களுக்கு ஏதோ தெரியும். உங்க மூஞ்சியே சொல்லுது. யாரு அது?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? செண்பகவடிவு ஓரத்துக் காசுகளைப் பற்றிச் சொன்னாள். சம்பாதித்துச் சேர்த்த மகள்களைப் பற்றிச் சொன்னாள். கீழ ரத வீதியைச் சொல்லும்போது தன்னை அறியாமல் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆட்டக்காரி வீடா?" ராஜா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு அவருடைய வியாபார மூளை விழித்துக்கொண்டது. "மேடம், வெளிய என்ன சொல்லணும்? வாரிசு ஆமான்னு மட்டும் சொன்னாப் போதும்லா? மீதிய இந்த நாலு சுவரோட விட்டுருவோம். மாலை நம்ம கைக்கு வந்துட்டா, வாசல்ல உலை காத்துக்கிட்டிருக்கு. உருக்கிட்டா ஒரு பயலுக்கும் தெரியாது. அப்படித்தான தம்பி?"

ஜெபசிங் பரிதாபமாகத் தலையாட்டினான்.

"அம்மா, எந்திங்க, போவோம்."

ஆச்சி எழுந்திருக்கவில்லை. அவள் கண் மாலையின் மேலேயே இருந்தது. "அத்தைக்குப் பிள்ளை இல்லைன்னு வேலைக்காரிக குசுகுசுன்னு பேசுவாளுக. நான் நம்பல. உங்கப்பா அஞ்சு வயசுல காய்ச்சல்ல கிடந்து பிழைச்சாவ, அதுக்கு முந்தி ஒண்ணுமே ஞாபகம் இல்லைம்பாவ. ஞாபகம் இல்லாமப் போச்சோ, பேசக் கூடாதுன்னு ஆச்சோ." கைத்தடியின் பிடியை அவள் விரல்கள் தடவிக்கொண்டிருந்தன. "பிள்ளைய அரண்மனைக்குக் கொடுத்தவ, மாலையையும் சேத்துக் கொடுத்துவிட்டிருக்கா. மக இருந்தா மகளுக்குப் போட்டிருப்பா. அத்தையால போடவும் முடியல, வீட்ல வச்சுப் பாக்கவும் முடியல. தூக்கி இங்க கொடுத்துட்டாவ."

"அம்மா, போதும்மா. பழசக் கிளறி என்ன செய்ய?"

"லே, உங்கப்பா சாவும்போது நீ மெட்ராஸ்ல இருந்தே. பக்கத்துல இருந்தவ நான்." ஆச்சி கைத்தடியைத் தரையில் ஒருமுறை தட்டினாள். "கடைசி ரெண்டு நாளும் என்னைத் தெரியல. என் கையத் தட்டி விட்டுட்டு ஒரு பேரச் சொல்லியே கூப்பிட்டாவ. மதுரம், மதுரம்னு. எத்தனை வருசம் குடும்பம் நடத்துன பொண்டாட்டி பக்கத்துல இருக்கேன், எவளோ ஒருத்தி பேரு. சுத்தி நின்ன சனம் அத்தனையும் தலையக் குனிஞ்சுக்கிட்டு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு? எவ அந்த மதுரம்னு நான் விசாரிக்காத ஆளில்ல. அவுக படத்த இன்னைக்கு வரைக்கும் மாட்ட விடல. பெட்டிக்குள்ள குப்புறப் போட்டு வச்சிருக்கேன்."

செண்பகவடிவு ஒரு தம்ளர் தண்ணீரை ஆச்சியின் பக்கம் நகர்த்தினாள்.

"பேர மட்டும் சொல்லல லே. 'மதுரம், தூக்கு. மதுரம், தூக்கிக்கோ'ன்னாவ. கையை ரெண்டையும் மேல நீட்டி நீட்டி. நான் அதையும் அசிங்கமாத்தான் நினைச்சேன். எழுபது வயசு மனுசன் யாருகிட்டலே போயித் தூக்கிக்கோன்னு கையை நீட்டுவான்? மத்தவுக கூப்பிடுததக் கேட்டுட்டுச் சின்னப் பிள்ளைக பெத்தவளையே பேரச் சொல்லிக் கூப்பிடுதது இல்லையா? எனக்கு அது உறைக்கலையே." ஆச்சி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா நானே தூக்கி மடியில போட்டிருப்பேனே."

ஜெபசிங் மெதுவாக வளையலை எடுத்துத் துடைத்து ஆச்சியிடம் நீட்டினான். அவள் அதை வாங்கி, மகனின் மடியில் போட்டாள்.

"உருக்கணும்னா இத உருக்கு. பேத்திக்குப் போடு. இதுல என்ன ஞாபகம் இருக்கப் போவுது, ரெண்டு பேரு வாயத் தெறக்காம இருந்ததுதான். மாலை மேல கை வச்சா கையை ஒடிச்சிருவேன்."

"அம்மா, வெளிய டிவிக்காரன் நிக்கான்."

"நிக்கட்டும். உனக்குச் சொல்ல வெக்கமா இருந்தா நான் சொல்லுதேன். ஆடிச் சம்பாதிச்சு, ஒத்தக் காசு கூட விக்காமச் சேத்து வச்சவளுக பேரன் நீ. கரண்டு விக்கவனுக்கு அதுல என்னலே கொறச்சல்?"

ராஜா வளையலை மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். நழுவிய அங்கவஸ்திரத்தை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்படிப் பார்க்க அவர் கொஞ்சம் மனுசன் மாதிரி இருந்தார். கதவைத் திறந்துகொண்டு முதலில் அவரே வெளியே போய், வேப்பமரத்தடிக்கு நடந்து, வண்டிக்காரனிடம் உலையை அணைக்கச் சொன்னார்.

செண்பகவடிவு மாலையைப் பெட்டிக்குள் கிடத்தினாள். கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். ஆனால் அவளுக்கு அழுகைதான் வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. "ஆச்சி, இந்தப் பலகையை எடுத்துட்டு வேற எழுதணும். என்ன எழுத?"

"மெஷினுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்லா. மதுரம்னு எழுது. மத்தவ பேரு தெரியல, அவ அம்மா, அவ அம்மான்னு எழுது." ஆச்சி எழுந்து கைத்தடியை ஊன்றினாள். "பெருசா எழுது தாயி. எனக்குக் கண்ணு தெரியாது."

வாசலில் தொலைக்காட்சிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். ஆச்சி அவர்களைக் கைத்தடியால் விலக்கிக்கொண்டு காருக்குப் போனாள். மகன் கதவைத் திறந்து பிடித்தார்.

"லே, போற வழியில பூக்கடையில நிறுத்து. உங்கப்பா படத்துக்கு மாலை வாங்கணும்."

"சரிம்மா. ரோசாவா, சம்பங்கியா?"

"எதுன்னாலும் நல்லதாப் பாத்து ரெண்டு வாங்கு. ஒண்ணு நான் போட. இன்னொண்ணு மதுரத்துக்கு. அவளுக்குப் படம் இல்ல, அதையும் உங்கப்பா படத்துக்கே சேத்துப் போட்டுருவோம்." ஆச்சி காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தாள். "இனிமேலாவது அவ வந்து தூக்கிக்கிடட்டும்."